லைன்-அப் பழகினால் டச் திரும்புமா?

ஸ்நூக்கர் பழகுகிறவர் தனியாக இருக்கும்போது செய்வது லைன்-அப். 15 சிவப்புப் பந்துகளையும் மேசையின் நடுவே நேர்வரிசையில் அடுக்கி, கலர் பந்துகளை அவற்றின் புள்ளிகளில் வைத்து, ஒரு சிவப்பு, ஒரு கலர் என்று மாறி மாறிப் போட்டுக்கொண்டே போக வேண்டும்.

லைன்-அப்பின் பலம் வெள்ளைப் பந்தில் இருக்கிறது. கறுப்பைப் போட்டதும் வெள்ளை ஒரு சாண் கூடுதலாக ஓடிவிட்டால், அடுத்த சிவப்புக்குக் கோணம் கெட்டுப்போகும். எவ்வளவு வேகம், எந்த இடத்தில் அடி என்பதைக் கை பழகிக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி குறைவு. நேற்று 30, இன்று 45 என்று ஸ்கோரும் கண்ணுக்குத் தெரியும்.

வினையே அந்த ஸ்கோரில்தான். ஆட்டத்தில் பந்துகள் வரிசையாக நிற்பதில்லை. எதிராளிக்குப் பந்து எளிதில் கிடைக்காதபடி சேஃப்டி ஆட வேண்டும். எதிராளி அடிக்கும்போது கைகட்டி உட்கார்ந்திருந்து, திடீரென எழுந்து அடிக்க வேண்டும். லைன்-அப்பில் இவை எதுவும் கிடையாது. ஒரே வகை அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது முந்தினாலும், கலந்து பழகியவர்களே பிறகு நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள் என்று 1979-லேயே ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள்.

கை வாகு தப்பி, 'டச் போயிடுச்சு' என்று ஒருவர் புலம்பும் காலத்தில் இந்தக் குறை இன்னும் மோசம். அவர் லைன்-அப்பை இரண்டு மடங்காக்குவார். இப்படிப்பட்ட சரிவுகளில் பல, வழக்கமான ஏற்ற இறக்கம்தான், தாமாகவே சரியாகிவிடும். சரியாக்கிய பெயர் மட்டும் லைன்-அப்புக்குப் போய்விடும். உண்மையான சரிவென்றால், தனியே நின்று முழங்கையையும் மணிக்கட்டையும் கவனிக்கக் கவனிக்கக் கை இறுகுகிறது. ஆய்வாளர் ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் 1992-ல் கோல்ஃப் பட்டிங்கில் கண்டதும் இதுதான்: விளக்கம் கேட்டுக் கற்றவர்களே பதற்றத்தில் தடுமாறினார்கள். ஸ்நூக்கரில் ஏழு முறை உலக சாம்பியனான ஸ்டீபன் ஹென்ட்ரி, அடிக்கும் நேரத்தில் கை உறையும் 'யிப்ஸ்' தன்னைப் பல ஆண்டுகள் வாட்டியதாகச் சொன்னவர். பயிற்சிக்குக் குறை வைத்தவரா அவர்?

பதற்றம் ஆட்டத்தில்தான் வரும். 2025 நவம்பரில் தோஹாவில் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன், எதிராளி இங் ஆன் யீயை 3-2 என்று வென்று உலகப் பட்டம் பெற்றார். அந்தக் கடைசி ஃப்ரேமின் படபடப்பை எந்த வரிசையும் தராது.

அதைக் கொஞ்சமாவது தருவது பந்தயம்தான். தோற்றவர் மேசை வாடகை கட்டுவது ஸ்நூக்கர் பார்லர்களில் பழைய வழக்கம். சூதாட்ட வாடை என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். புதிதாக வரும் பையனின் பர்ஸ் காலியாகும் என்பதும் நிஜம். ஆனாலும் சிறு தொகையாக இருந்தால், சரிவில் இருப்பவருக்கு அதுவே மேலான மருந்து. லைன்-அப்புக்கு முதல் அரைமணி போதும். மிச்ச நேரத்துக்கு ஒரு எதிராளியைத் தேடிக்கொள்ளுங்கள்.