இரண்டு படங்களுக்கு நடுவே

பெண்கள் உடற்பயிற்சி செய்து மாறிய கதைகளுக்கு நம்மிடையே ஒரு நிலைத்த வடிவம் உருவாகிவிட்டது. அடுத்தடுத்து இரண்டு படங்கள். இடது படத்தில் தொளதொளவென்ற சுடிதாரில், மங்கிய வெளிச்சத்தில், சிரிக்காமல் ஒரு பெண் நிற்கிறாள். வலது படத்தில் அதே பெண். இறுக்கமான உடை, நல்ல வெளிச்சம், இடுப்பில் கை, முகம் கொள்ளாத சிரிப்பு. கீழே இத்தனை மாதத்தில் இத்தனை கிலோ என்று ஓர் எண். ஜிம் வாசலில் தொங்கும் ஃப்ளெக்ஸில், பெண்கள் இதழ்களின் நடுப்பக்கத்தில், கைப்பேசியில் ஓடும் ரீல்ஸில் இந்த இரட்டைப் படத்தை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். இதையும் ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். என் மாணவிகள் அதிகம் வாசிக்கும் பிரதி இன்று இதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வலது படத்துச் சிரிப்பு பொய்யில்லை. தனக்கென்று ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, அதைப் பல மாதங்கள் காப்பாற்றிய பெண்ணின் சிரிப்பு அது. அவளை நான் கேலி செய்யப்போவதில்லை. அவள் அடைந்தது என்ன, அதைச் சொல்ல அவளுக்குக் கொடுக்கப்பட்ட கதை என்ன, இரண்டும் பொருந்துகின்றனவா என்பதுதான் என் கேள்வி.

அந்தக் கதையின் அமைப்பைப் பாருங்கள். தொடக்கத்தில் ஓர் அவமானம் இருக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் சொன்ன சொல், பிரசவத்துக்குப் பின் கணவன் அடித்த ‘ஜோக்’, துணிக்கடையில் உன் அளவு இல்லை என்று ஒரு பார்வை. அடுத்து ஒரு சபதம். பிறகு சோற்றைக் குறைத்த கதை, வியர்வை சிந்திய கதை. முடிவில் பழைய ரவிக்கை பொருந்துகிறது, கேலி செய்தவர்கள் வாயடைத்துப்போகிறார்கள். இந்தக் கடைசி வரியில்தான் எனக்கு உறுத்தல். கேலி செய்தவர்கள் தொடக்கத்திலும் நீதிபதிகள், முடிவிலும் நீதிபதிகள். தீர்ப்பு மட்டும் மாறியிருக்கிறது. நாற்காலி அப்படியே இருக்கிறது, அதில் உட்கார்ந்திருப்பவர்களும் எழுந்துபோகவில்லை. நாளை எடை மூன்று கிலோ கூடினால் வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வரும்.

அந்த நாற்காலி இன்று செய்ததல்ல. பெண்ணை அடி முதல் முடி வரை அங்கம் அங்கமாக வருணிக்கும் பாதாதிகேசம் என்ற முறையே நம் இலக்கியத்தில் உண்டு. இடை இருக்கிறதா இல்லையா என்று ஐயப்படும்படி மெலிந்திருக்க வேண்டும் என்பது அதன் தீராத ஆசை. அதே இலக்கியத்தில் வேறொரு பெண்ணுடலும் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பந்தாடும் பெண்களுக்குக் கந்துக வரி, ஊஞ்சலாடுபவர்களுக்கு ஊசல் வரி, உலக்கை பிடித்துக் குற்றுபவர்களுக்கு வள்ளைப் பாட்டு என்று பாடல்கள் வருகின்றன. ஆடும் உடல், உழைக்கும் உடல், பார்க்கப்படும் உடல் மூன்றும் நம் மரபில் இருந்தன. இரட்டைப் படம் எடுத்துக்கொண்டது மூன்றாவதை மட்டும்.

சினிமாவும் பெரும்பாலும் அதைத்தான் எடுத்துக்கொண்டது. 2015இல் வந்த ‘இஞ்சி இடுப்பழகி’ நல்ல நோக்கம் கொண்ட படம். குறுக்கு வழியில் எடையைக் குறைப்பதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் நிலையத்தை எதிர்த்து, பருமனான ஒரு பெண் போராடுகிறாள். தோழியின் உடல் அந்தச் சிகிச்சையால் கெட்டுப்போவது அவளை வீதிக்கு இறக்குகிறது. ஆனால் தலைப்பைப் பாருங்கள், ‘தேவர் மகன்’ பாடலிலிருந்து எடுத்த இடுப்பு. எடை பொருட்டில்லை என்று சொல்ல வந்த படத்துக்கும் இடுப்பைத் தாண்டிப் பெயர் கிடைக்கவில்லை. அவளை அப்படியே ஏற்கும் ஓர் ஆணின் காதல்தான் அவள் உடலுக்குக் கடைசிச் சான்றிதழ். இந்த வேடத்துக்காக அனுஷ்கா தன் எடையைக் கூட்டிக்கொண்டு நடித்தார். அதன் பிறகு அவர் எடை ஏறியதும் இறங்கியதும் நெடுநாள் செய்தியாக ஓடின. படம் பேசிய நியாயம் அதில் நடித்தவருக்கே கிடைக்கவில்லை.

‘பிகில்’ (2019) பெண்கள் கால்பந்து அணியின் கதை. அதில் பருமனான ஆட்டக்காரியை அவளுடைய உடலைச் சொல்லியே பயிற்சியாளர் சீண்டுகிறார். கோபம் தலைக்கேற, அவள் கோல் அடிக்கிறாள். சீண்டியது அவள் நன்மைக்காக என்று படம் நம்மைச் சமாதானப்படுத்துகிறது. அவமானம் ஒரு பயிற்சிமுறை என்பதே இந்தக் காட்சி கற்றுத்தரும் பாடம். ‘உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்’ என்று தொடங்கும் வசவுகளை வீட்டில் கேட்டு வளர்ந்த பெண்களுக்கு இந்தப் பயிற்சியாளரை நன்றாகத் தெரியும்.

‘இறுதிச் சுற்று’ (2016) இவற்றிலிருந்து சற்று விலகி நிற்கிறது. சுதா கொங்கரா இயக்கிய அந்தப் படத்தில் மீன் விற்கும் மதியின் உடல் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை பெரிதாக மாறுவதில்லை. மாறுவது அவள் கால் வைக்கும் முறை, கை போகும் வேகம், அடி வாங்கிக்கொண்டு நிற்கும் தெம்பு. இன்னொன்றும் முக்கியம். பணம் தருவதாகச் சொல்லித்தான் பயிற்சியாளர் அவளைப் பயிற்சிக்கு அழைக்கிறார். உழைத்துச் சாப்பிடும் வீட்டுப் பெண்ணின் நேரத்துக்கு விலை உண்டு, அதைக் கொடுக்காமல் அவளைப் பயிற்சிக்கு இழுக்க முடியாது என்று அறிந்த படம் அது. முடிவில் வென்றவள் ஓடிப்போய் அணைத்துக்கொள்வது பயிற்சியாளரை என்பதில் பழைய கதை மீண்டும் தலைகாட்டுகிறது. என்றாலும் அதற்கு முன்னால், ஒரு பெண்ணால் என்ன செய்ய முடிகிறது என்பதை இரண்டு மணி நேரம் பார்த்துவிடுகிறோம்.

என்ன செய்ய முடிகிறது என்ற இந்தக் கேள்விதான் இரட்டைப் படத்தில் விடுபட்டுப்போவது. வலுப் பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் உடலுக்குள் நடப்பது பெரும்பாலும் நரம்புகளின் வேலை. இருக்கிற தசையை ஒருங்கே இயக்க உடல் கற்றுக்கொள்கிறது. தூக்கும் எடை கூடும், தராசு முள் அசையாமல் இருக்கும். சிலருக்குச் சற்று ஏறவும் செய்யும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பின் அடர்த்தி இறங்கத் தொடங்குகிறது. அதைத் தாங்கிப்பிடிக்க உதவுபவற்றில் எடைப் பயிற்சியும் ஒன்று. இதைப் படம் பிடிக்க முடியாது. பிரசவங்களுக்குப் பிறகு இருமினாலோ சிரித்தாலோ சிறுநீர் கசியும் தொல்லையை எத்தனையோ பெண்கள் வெளியே சொல்லாமல் சுமக்கிறார்கள். இடுப்புத்தளத் தசைகளுக்கான எளிய பயிற்சி பலருக்கு அதைக் குறைக்கிறது. பேருந்தில் பயமில்லாமல் இரும முடிகிறது என்பதை எந்த ‘பின்’ படம் காட்டும்?

எங்கள் கல்லூரியில் துப்புரவுப் பணி செய்யும் ஓர் அம்மா, மூட்டு வலிக்காகப் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தந்த பயிற்சிகளை மூன்று மாதம் விடாமல் செய்தார். என்ன வித்தியாசம் தெரிகிறது என்று கேட்டேன். “கக்கூஸ்ல உக்காந்தா இப்ப செவத்தப் புடிக்காம எந்திரிச்சிடுறேன் மேடம்” என்றார். உடற்பயிற்சி பற்றி நான் கேட்ட வாக்கியங்களில் இவ்வளவு துல்லியமானது வேறில்லை. அதில் எடையும் இல்லை, இடுப்பும் இல்லை, கேலி செய்தவர்களும் இல்லை. தன்னம்பிக்கை என்று நாம் சொல்வது தன் உடல் தன்னைத் தாங்கும் என்கிற இந்த அறிவைத்தான் என்றால், அந்தச் சொல்லை நானும் மகிழ்ச்சியோடு பயன்படுத்துவேன்.

அவரைப் பற்றிச் சொன்னதும் ஒரு கேள்வி வரும். நாள் முழுவதும் பெருக்கி, துடைத்து, வாளி தூக்குபவருக்கு எதற்குத் தனியாகப் பயிற்சி? வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே? பெண்களிடம் காலம் காலமாகச் சொல்லப்படும் இந்தச் சமாதானம் உடலியலின்படியே நிற்காது. பயிற்சி என்பது அளவான சுமை, அதைப் படிப்படியாகக் கூட்டுதல், இடையில் ஓய்வு, தசை தன்னைச் சரிசெய்துகொள்ளத் தேவையான புரதமும் தூக்கமும். கட்டட வேலைக்குப் போகும் சித்தாளின் தலையில் சுமை மட்டும் இருக்கிறது. அளவு மேஸ்திரியின் கையில், ஓய்வு கூலியில் பிடிபடும், புரதம் கறி எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கும். உழைப்பு அவள் உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பயிற்சி அவள் உடலுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. பெண்கள் எப்போதும் பாரம் தூக்கியவர்கள்தான். பயிற்சிக்கூடத்தில் தூக்குவது அவளுக்காக அவள் தூக்கும் முதல் பாரமாக இருக்கலாம்.

சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்று வாயுவோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 30 கிலோ. அதை நகர்த்த ஆண் வரட்டும் என்று காத்திருக்கும் வீடுகள் எத்தனை! தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட் பயிற்சியை முறையாகக் கற்றால், உடல்நிலை இடம் கொடுக்கும் பெரும்பாலான பெண்கள் சில மாதங்களில் 30 கிலோவை எட்டிவிடுவார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் ஒலிம்பிக் பளுதூக்குதலில் பெண்களை முதன்முதலாகச் சேர்த்தார்கள். அந்த முதல் வாய்ப்பிலேயே கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். பெண்களால் முடியாது என்ற பேச்சு எவ்வளவு காலம் நம்மை உட்காரவைத்தது என்பதற்கு அந்த ஓர் எண் போதும்.

எண்கள் என்றதும் இன்னும் சில. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். அதே ஆய்வில், அதே வயதில், இரத்தசோகை உள்ளவர்கள் 53.4 விழுக்காட்டினர். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கூடுதல் எடையும் குறைந்த இரத்தமும் ஒரே உடலில் இருக்கலாம். அந்த உடலிடம் போய் ‘சாப்பாட்டைக் குறை’ என்று மட்டும் சொல்லும் கதை ஆபத்தானது. விடுதியில் இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு, காலை முதல் வகுப்பில் மேசையில் தலை சாய்க்கும் பெண்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கேட்டால் ‘ஃபிட்னஸ் மேடம்’ என்கிறார்கள். வலது படத்தின் வெளிச்சத்தில் இரத்தசோகை தெரியாது.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் சம்பளமின்றிச் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள். ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97. அதாவது அவள் ஒரு வாரத்துக்குத் தன் உடலுக்குத் தர வேண்டிய குறைந்தபட்ச நேரம், ஒரே நாளின் வீட்டு வேலையில் பாதி. சோம்பல், மனவுறுதி, ஒழுக்கம் என்று இரட்டைப் படத்துக் கதைகள் பேசுவதெல்லாம் இந்தக் கணக்குக்குப் பிறகு வர வேண்டியவை. பூங்காக்களில் நடைபாதை போடுகிறார்கள், கருவிகள் வைக்கிறார்கள், நல்லது. காலை ஐந்தரை முதல் ஏழரைவரை அந்தப் பாதையில் நடப்பவர்கள் யார், அதே நேரத்தில் மதிய டப்பாவுக்குச் சோறு வடிப்பவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும்.

ஆகவே, மாறிய பெண்களின் கதைகளை எழுதுபவர்களிடம், அவற்றைப் பேட்டி எடுக்கப் போகும் என் மாணவிகளிடமும், நான் கேட்பது சில கேள்விகளைத்தான். எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்பதற்கு முன், எத்தனை கிலோ தூக்க முடிகிறது என்று கேளுங்கள். மாடிப்படி, தூக்கம், மாதவிடாய் வலி, முதுகு இவற்றையெல்லாம் கேளுங்கள். அவள் பயிற்சிக்குப் போன நேரத்தில் அடுப்படியில் நின்றது யார் என்று கேளுங்கள். கணவன் என்றால் அதை எழுதுங்கள். மாமியாரோ, சம்பளத்துக்கு வரும் இன்னொரு பெண்ணோ என்றால் அதையும் எழுதுங்கள். பயிற்சியாளரின் சம்பளமும் மாதக் கட்டணமும் எவ்வளவு, அது யாருக்குக் கட்டுப்படியாகும் என்றும் எழுதுங்கள். கேலி செய்தவர்களின் வாய் அடைபட்டதா என்பதை விட்டுவிடலாம். அவர்கள் இந்தக் கதையின் பாத்திரங்கள் இல்லை.