பெயர் சுட்டாத அகமும் பெயர் கேட்கும் ஆவணமும்: எல்லை கடந்த மணவாழ்வைப் பாலையாக வாசிப்பதன் போதாமை

ஆய்வுச்சுருக்கம்: எல்லையால் பிரிக்கப்பட்ட கணவன் மனைவியரைப் பற்றிய தமிழ்ப் படைப்புகளைப் பாலைத்திணையின் வழி வாசிப்பது ஆய்வுலகில் நிலைத்த வழக்கமாக உள்ளது. அவ்வாசிப்பு குடியுரிமை, விசா, சான்றிதழ் ஆகியவற்றின் செயலைப் பார்வையிலிருந்து அகற்றிவிடுகிறது என்பதைப் போடிநாயக்கனூர் ஏலமலைச் சரிவுகளை முன்வைத்து இக்கட்டுரை வாதிடுகிறது. பாலைக்கு மாற்றாகக் கற்பியலின் கரணக் கருத்தையும் ஒப்பாரி மரபையும் பரிசீலிக்கிறது.

திறவுச்சொற்கள்: பாலை, கரணம், ஒப்பாரி, மலையகம், ஏலமலை, குடியுரிமை, துணைவர் விசா.

புலம்பெயர்வு குறித்த படைப்பொன்றில் கணவன் ஒரு நாட்டிலும் மனைவி மற்றொரு நாட்டிலும் இருந்தால், ஆய்வேடுகள் பெரும்பாலும் அப்பகுதியைப் பாலை என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பொருள்வயிற் பிரிவு, ஆற்றியிருத்தல், சுரம் என்னும் மூன்றும் ஆங்கே பொருத்திக் காட்டப்படுகின்றன. பனிநிலத்தை ஆறாம் திணையாகக் கொள்ளும் முயற்சிகளும் நிலத்தை மாற்றினவேயன்றிப் பிரிவின் இலக்கணத்தை மாற்றவில்லை. இவ்வழக்கம் பழமைக்கும் புதுமைக்கும் பாலம் அமைப்பதாகத் தோன்றினாலும், அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. பிரிவு யாரால் நிகழ்ந்தது என்ற வினா அதில் எழுவதே இல்லை.

பாலைத் தலைவன் தானே துணிந்து பிரிகிறான். பிரியத் துணிந்தவன் தலைவியின் துயர் கண்டு செலவைத் தவிர்ப்பதைச் செலவழுங்கல் என்று தொல்காப்பியம் வகுத்துள்ளது. போவதும் போகாதிருப்பதும் அவன் நெஞ்சோடு அவன் நடத்தும் வழக்கு. திரும்பும் காலத்தையும் அவனே கார்ப்பருவமாகக் குறித்துச் செல்கிறான். துணைவர் விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் இருவருக்கு இவற்றுள் எதுவும் உரியதன்று. அவர்களின் பருவம் கடவுச்சீட்டில் முத்திரையாக இருக்கிறது.

இதனைச் சோதித்துப் பார்க்கப் போடிநாயக்கனூரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. இங்குள்ள மக்கள் பிழைப்புக்காகக் கடந்த எல்லைகள் ஒன்றல்ல. அவை அனைத்தும் ஒரே தன்மையுடையனவுமல்ல. குரங்கணி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் மேற்கே ஏறினால் வருவது, விடுதலைக்கு முன் திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஏலமலை. சென்னை மாகாணத்து உழைப்பாளி அரசொன்றை விட்டு மற்றோர் அரசுக்குள் நடந்தே சென்றார். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. சமஸ்தான எல்லை மாநில எல்லையாயிற்று. ஏலம் எடுக்கும் பெண்கள் இன்றும் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்புகின்றனர். கொள்வினையும் கொடுப்பினையும் இரு சரிவுகளுக்கும் இடையே தடையின்றி நடந்துவருகின்றன.

மற்றொரு வழி கடல்வழி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களுள் மதுரையும் ஒன்று. தேனி தனி மாவட்டமாகும் வரை போடிநாயக்கனூர் அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. மலையேறிக் கூலி செய்தல் என்னும் தொழில் இருவழியிலும் ஒன்றே. லயத்து வாழ்க்கையும் கங்காணியும் இருபுறமும் உண்டு. திணைக் கண்ணால் நோக்கினால் இரண்டும் குறிஞ்சி. பிரிவு வந்தால் இரண்டும் பாலை. ஆனால் மேற்கே சென்றவரின் மணவாழ்வை எந்த அலுவலரும் படித்துப் பார்க்கவில்லை. கிழக்கே சென்றவரின் மணவாழ்வு 1948க்குப் பின் கோப்பாயிற்று. நிலத்தையும் தொழிலையும் கொண்டு விளக்கமுடியாத இந்த வேறுபாட்டைப் பாலை என்ற ஒற்றைச் சொல் அழித்துவிடுகிறது.

மேற்கு எல்லையும் ஒருமுறை தன் இயல்பை மாற்றிக் காட்டியது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் இரு மாநிலங்களும் மின்-அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கின. மூணாறுப் பக்கத்து மணமகளும் தமிழ்நாட்டு மணமகனும் சின்னாறு சோதனைச் சாவடியருகே நெடுஞ்சாலையிலேயே திருமணம் செய்துகொண்ட செய்தி அவ்வாண்டு ஜூனில் வெளிவந்தது. நாளிதழ்கள் அதனை வேடிக்கையாகவே எழுதின. இலங்கை மலையகத்தின் வரலாறு அறிந்தவர்க்கு அது வேடிக்கையாகத் தோன்றியிருக்காது.

இலங்கையில் நிகழ்ந்ததைச் சுருக்கமாகவேனும் நினைவுகூர்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழியைத் திறந்தது. அச்சட்டம் மணமாகாதவரிடம் பத்தாண்டுத் தொடர் வசிப்பையும், மணமானவரிடம் ஏழாண்டு வசிப்பையும் கேட்டது. அதாவது திருமணம் மூன்றாண்டுக்கு ஈடாக மதிப்பிடப்பட்டது. அச்சலுகைக்கு ஈடாக, ஆண் விண்ணப்பதாரர் தம் மனைவியும் இலங்கையிலேயே தொடர்ந்து வாழ்ந்தவர் என்று காட்டவேண்டியிருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்று நீண்ட நாள் தங்கிய பெண், தமிழ் வழக்கப்படி செய்யவேண்டியதைச் செய்தவள். கோப்பில் அதுவே கணவனின் குடியுரிமைக்கு ஊறாகக்கூடிய செயல். ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேர்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. எண்கள் இவ்வாறு வட்டமாக அமைந்ததிலேயே குடும்பங்கள் எண்ணப்படவில்லை என்பது புலனாகும். ஒரே லயத்தறையில் கணவன் இந்தியராகவும் மனைவி இலங்கையராகவும் பதிவான நிலை இதன் விளைவு. இந்தியக் கடவுச்சீட்டு பெற்றவர் தாம் பிறந்த தோட்டத்திலேயே வதிவிட விசாவில் தங்கியிருந்தார். செலவழுங்கலுக்கு இங்கு ஒரு நிகர் தேடினால் விசா நீட்டிப்பைத்தான் காட்டமுடியும். அதை வழங்கியவர் தலைவன் அல்லர்.

பாலை வாசிப்புக்கு எதிரான வலுவான காரணம் அகத்திணை இலக்கணத்திற்குள்ளேயே உள்ளது. அகன் ஐந்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்று அகத்திணையியல் விதிக்கிறது. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் பொதுமைதான் அகத்தின் உயிர். விண்ணப்பம் இதற்கு நேர் எதிரானது. பெயர், தந்தை பெயர், பிறந்த இடம், மணநாள் ஆகியவை நிரப்பப்படாத இடத்தில் அது தொடங்குவதே இல்லை. பதிவேட்டில் ஓர் எழுத்துப் பிறழ்ந்த பெயர், உடன்வாழும் மனைவியை வேறொருத்தி ஆக்கிவிடக்கூடும். இத்தகைய உலகைப் பெயரை விலக்கிய மரபின் சட்டகத்துக்குள் வைத்தால், துயரம் தங்கும்; துயரத்தின் காரணம் வெளியேறிவிடும்.

அதே இயலில் வரும் மற்றொரு விதியும் கருதத்தக்கது. முந்நீர்ச் செலவு மகளிரோடு இல்லை என்பது அது. இளம்பூரணர் அதனைக் கடற்செலவாகக் கொள்ள, நச்சினார்க்கினியர் முந்நீரை மூவகைப் பிரிவின் தன்மையாக விரித்துப் பொருள் கூறுவார். கடற்செலவென்றே கொண்டால், தோட்டப் புலம்பெயர்வு அவ்விதியைத் தலைகீழாக்கியது. கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டியிருந்ததால் குடும்பமாகவே ஆள் திரட்டப்பட்டனர். ஏலக்காய் எடுப்பதும் தரம் பிரிப்பதும் ஏலமலையில் பெண்களின் வேலை. தலைவி இல்லில் இருந்து ஆற்றியிருக்கும் காட்சிக்கு இவ்வெழுத்துகளில் இடமே குறைவு. பெண் நடந்துகொண்டோ, சுமந்துகொண்டோ, பறித்துக்கொண்டோ இருக்கிறாள்.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ (1935) இதற்கு முந்தைய சான்று. வெள்ளையன் சிறை செல்ல, மருதி தாயோடு இலங்கைத் தோட்டத்துக்குச் செல்கிறாள். இக்கதையில் கடல் பெரிய தடையன்று. கங்காணியின் சொல் இருந்தால் கடல் திறக்கும். மருதியின் உடலையும் உழைப்பையும் தோட்டம் எடுத்துக்கொள்கிறது. அவள் யாருடைய மனைவி என்று எந்த அரசும் அவளைக் கேட்கவில்லை. கேட்கப்படாமையே அக்காலத்தின் கொடுமை. கேட்கப்படுதல் அடுத்த காலத்தின் கொடுமை. இரண்டையும் ‘புலம்பெயர் துயர்’ என்று ஒரே வகையில் அடக்கும் ஆய்வுகள் இக்காலமாற்றத்தைத் தவறவிடுகின்றன.

போடிச் சரிவைக் களமாகக் கொண்ட லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) திரைப்படத்தை இவ்விடத்தில் ஒப்புநோக்கலாம். ஏலமூட்டை சுமக்கும் ரங்கசாமி சிறிதளவு நிலத்துக்காகப் பணம் சேர்க்கிறான். மூட்டை சரிவில் உருண்டு சிதறும்போது சேமிப்பும் சிதறுகிறது. ஈஸ்வரியை மணக்கிறான்; பின்னர்ச் சிறைக்குச் செல்கிறான்; முடிவில் தன் நிலமாக இருந்த இடத்தில் காற்றாலைக் காவலாளியாகிறான். வெள்ளையனைப் போலவே ரங்கசாமியையும் மனைவியிடமிருந்து பிரிப்பது சிறை. இங்கும் அரசு மணவாழ்வுக்குள் நுழைகிறது. ஆயினும் அதன் கண் மணத்தின் மீது இல்லை. படத்தில் மனிதரைத் திணறடிக்கும் தாள் நிலப்பத்திரமும் கடன்சீட்டும்தான். கேரள எல்லை அவர்களுக்கு ஒரு கைகாட்டியளவே. படத்தின் அகண்ட நிலக்காட்சிகளைக் கண்டு குறிஞ்சியின் திரிபாகப் பாலை தோன்றிற்று என்று எழுதுவது எளிது. அந்த எளிமை, நிலம் கைமாறும் முறையை விளக்குவதற்கு உதவாது. இப்படத்தோடு மலையகச் சிறுகதைகளை ஒருங்கே வைத்துப் படிக்கும்போதுதான், எல்லை என்பது நிலத்தின் பண்பன்று, ஆவணத்தின் பண்பு என்பது தெளிவாகும்.

தோட்ட மக்கள் தாமே இப்பிரிவுக்கு ஒரு பெயரிட்டனர் என்பதை ஆய்வுலகம் போதிய அளவு கருதவில்லை. தாயகம் திரும்புவோரை மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற தொடருந்து ஒப்பாரிக் கோச்சி எனப்பட்டது, மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுப்பொன்றும் அப்பெயரைத் தாங்கியுள்ளது. உயிரோடு இருப்பவரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இறந்தோருக்குரிய பாடலின் பெயர். ஒப்பாரி, பெயர் சொல்லியும் முறை சொல்லியும் அழுவது. இன்னார் மகன், இன்னார் கணவன் என்று விளிப்பது. மரபுப்படி வகைப்படுத்தினால் அது அகத்தைச் சார்ந்ததன்று, கையறுநிலையை ஒட்டியது. திரும்பி வருதல் என்னும் நம்பிக்கை பாலையில் உண்டு; ஒப்பாரியில் இல்லை. தம் பிரிவு பாலையன்று என்பதை அம்மக்கள் ஒரு தொடருந்தின் பெயராலேயே உணர்த்திவிட்டனர்.

பழைய இலக்கணம் முற்றிலும் பயனற்றது என்பது இதன் பொருளன்று. பயன்படக்கூடிய பகுதி கற்பியலில் உள்ளது. பொய்யும் வழுவும் தோன்றியபின் பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்று தொல்காப்பியர் கூறுகிறார். சடங்கின் தோற்றத்தை அன்பில் வைக்காமல் ஐயத்தில் வைத்த நூற்பா அது. துணைவர் விசாவின் அடிப்படையும் இவ்வையமே. பிரிட்டன் 1980களில் நடைமுறைப்படுத்தி 1997இல் கைவிட்ட ‘முதன்மை நோக்கம்’ விதி, திருமணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றமன்று என்று விண்ணப்பதாரரே மெய்ப்பிக்கவேண்டும் என்றது. தென்னாசியக் கணவர்களையே அது பெரிதும் தாக்கியது. 1979இல் ஹீத்ரோ விமான நிலையத்தில் மணம் செய்ய வந்த இந்தியப் பெண்ணொருவர் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். கற்பைப் பற்றிய ஆய்வுரைகள் எவ்வளவோ வந்துள்ளன. குடியேற்ற அலுவலர் அதன் உரையாசிரியரான இந்நிகழ்வு அவற்றில் இடம்பெறக் காணோம்.

உடன்போக்குப் பாடல்களில் வரும் கண்டோரையும் இவ்வகையில் மறுபடி வாசிக்கலாம். சென்ற இருவரையும் வழியில் பார்த்தோம், ஒத்த அன்பினர் என்று செவிலிக்குச் சொல்பவர் அவர். சாட்சி சொல்கிறார், ஆனால் பெயர் சொல்வதில்லை. அவர் சொல் போதுமானதாகக் கொள்ளப்பட்டது. இன்றைய சாட்சி, பெயரோடும் முகவரியோடும் உறுதிமொழிப் பத்திரத்தில் ஒப்பமிடுகிறார். புகைப்படங்களும் கடிதங்களும் குறுஞ்செய்திகளும் இணைக்கப்படுகின்றன. தோழிக்கு மட்டும் உரியதாயிருந்த அறிவு அலுவலரின் மேசைக்குச் செல்கிறது.

கரண வாசிப்புக்கும் வரம்பு உண்டு. தொல்காப்பியர் காட்டும் கரணம் ஒரே சமூகத்துப் பெரியோர் வகுத்தது. விசா, தம்முள் பேசிக்கொள்ளாத இரண்டு அரசுகளுக்கு நடுவில் நிற்பது. ஒன்று ஏற்ற மணத்தை மற்றது ஏற்காதிருக்கலாம். தமிழ்நாட்டில் இது தொலைவான செய்தியன்று. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, இந்தியரை மணந்து ஏழாண்டு இங்கு வாழ்ந்தவர் பதிவு கோரலாம் என்கிறது. 2003ஆம் ஆண்டின் திருத்தம் சட்டவிரோதக் குடியேறிகளை அவ்வழியிலிருந்து விலக்கியது. முகாமில் வாழும் இலங்கைத் தமிழரை ஊரார் மணந்தபோது இவ்விலக்கே குறுக்கே நின்றது. அம்முகாம்களில் மலையக வழிவந்தோரும் உள்ளனர். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த அத்தகையோரின் குடியுரிமைக் கோரிக்கை 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு வரை சென்றது. அவர்களின் பாட்டன்மார் எந்த மாவட்டத்திலிருந்து கப்பலேறினரோ அந்த மாவட்டத்தின் பக்கத்திலேயே, மணமகன் வீட்டுக்கும் மணமகள் வீட்டுக்கும் இடையில் வெளிநாடு இருக்கிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் நடைபெறும் எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்படவேண்டும் என்கிறது. ஆக, அவ்விருவரிடமும் சான்றிதழ் ஒன்று இருக்கும். அதனை எழுதிக்கொடுத்த மாநிலத்துக்கு, அம்மணமகளின் நாடு எது என்று சொல்லும் அதிகாரம் இல்லை.