இவ்விடம் நலம்!

பட்டாளத்துக்காரன் வீட்டுக்கு எழுதும் கடிதத்துக்கு இரண்டு வாசகர்கள். ஒருவர் அம்மாவோ, அண்ணனோ. இன்னொருவர் தணிக்கை அதிகாரி. டேவிட் ஒமிஸ்ஸி தொகுத்த 'இண்டியன் வாய்சஸ் ஆஃப் தி கிரேட் வார்' (1999) என்ற புத்தகம், அந்த இரண்டாவது ஆசாமி பிரித்துப் படித்த கடிதங்களின் தொகுப்பு.

1914 செப்டம்பர். முதல் உலகப் போருக்காக இந்தியச் சிப்பாய்கள் பிரான்ஸில் போய் இறங்கினார்கள். காயம் பட்டவர்களுக்காக இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஓர் அரண்மனையே ஆஸ்பத்திரியானது. எழுதத் தெரியாதவர்கள், தெரிந்தவரிடம் சொல்லி எழுத வைத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். வேறொரு படைப்பிரிவில் இருக்கும் தம்பி பார்க்க வருகிறான். எலும்பும் தோலுமாக, இருமலோடு. அதை அம்மாவுக்கு எப்படி எழுதுவது? எழுதினால் அன்றைக்கு வீட்டில் உலை வைக்க மாட்டார்கள். எழுதாவிட்டால் மனசு கேட்காது. ஊரில் இருக்கிற இன்னொரு தம்பியை 'பட்டாளத்தில் சேராதே' என்றும் தடுக்க வேண்டும். பச்சையாக எழுதினால் தணிக்கையில் போய்விடும். அதனால்தான் இந்தியருக்குக் கறுப்பு மிளகு, வெள்ளைக்காரருக்குச் சிவப்பு மிளகு என்று பரிபாஷை. அதிகாரிகள் அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்!

ஒமிஸ்ஸி கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அது பலம். குறை அவருடையதல்ல. நமக்குக் கிடைப்பது தணிக்கை அலுவலகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு. எழுதியவனின் பேச்சு வாடை போயே போச்சு. அதோடு, பெரும்பாலும் வடக்கத்திக்காரர்கள். பிரான்ஸுக்குப் போன காலாட்படையில் அவர்கள்தானே அதிகம்! மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், மதராஸ் சாப்பர்ஸ் படையோடு நின்ற தமிழனின் குரலைத் தேடினால் ஏமாற்றம்தான்.

கசப்பான வேடிக்கை இது. ஒட்டுக் கேட்டவன் பத்திரப்படுத்தினான், உரிமைக்காரர்கள் தொலைத்தோம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போன தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் கொஞ்சமா? வந்த கடிதங்களைக் கம்பியில் குத்தி மாட்டி வைப்பது நம் வழக்கம். கும்பகோணத்திலும் மாயவரத்திலும் பழைய வீடுகளை இடிக்கும்போது அந்தக் கம்பியும் குப்பைக்குப் போகிறது.

தூக்கிப் போடும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள். 'இவ்விடம் அனைவரும் நலம்' என்ற வரியோடு நிறுத்தாதீர்கள். தம்பியின் இருமல் அடுத்த வரியில் இருக்கும்.