அப்பனின் கடன், அரசின் வரவு

ஒரு அச்சடித்த படிவத்திலிருந்து தொடங்கலாம். 2008 ஜனவரியில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துக் குடும்ப நீதிமன்றம் ஒன்று மைக்கேல் டர்னர் என்பவருக்கு 12 மாதம் சிறை விதித்தது. வாரம் 51.73 டாலர் குழந்தைப் பராமரிப்புத் தொகை கட்ட வேண்டியவர் கட்டவில்லை. உத்தரவுப் படிவத்தில், பணம் கட்டும் சக்தி ‘உள்ளவர்’, ‘இல்லாதவர்’ என்று இரண்டும் முன்கூட்டியே அச்சாகியிருந்தன. பொருந்தாததை அடிக்க வேண்டும். நீதிபதி எதையும் அடிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு ஆளை உள்ளே அனுப்பிவிட்டார்.

டர்னருக்கு வக்கீல் இல்லை. எதிரில் நின்ற குழந்தையின் தாய்க்கும் இல்லை. தன் போதைப் பழக்கத்தையும் முதுகு முறிந்ததையும் டர்னர் சொல்லிப் பார்த்தார். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2011இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது. அவரைச் சிறையிலடைத்த முறை தவறு. ஆனால் இம்மாதிரி வழக்கில் அரசு செலவில் வக்கீல் என்பது தானாகக் கிடைத்துவிடும் உரிமையல்ல. சக்தி உண்டா என்று விசாரிக்க வேறு ஏற்பாடு இருந்தால் போதும்.

‘பொறுப்புள்ள தந்தைமை’ என்ற சொல்லாடலை இந்த அடிக்கப்படாத இடத்திலிருந்துதான் வாசிக்க வேண்டியிருக்கிறது. அது எப்போதும் கேட்பது, ‘அவனுக்கு மனசு இருக்கா?’ என்று. ‘அவன் கையில் இருக்கா?’ என்று கேட்பதில்லை.

இதன் வம்சாவளி நீளமானது. 1965இல் வெளியான மொய்னிஹன் அறிக்கை கறுப்பர்களின் வறுமைக்கு வேலையின்மையையும் சொன்னது; ஆனால் ஊர் பிடித்துக்கொண்டது தாய்தலைமைக் குடும்பம் என்ற நோயைத்தான். 1995இல் டேவிட் பிளாங்கன்ஹார்ன் தந்தையற்ற அமெரிக்கா பற்றிப் புத்தகம் எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் லூயிஸ் ஃபராகான் அழைப்பில் வாஷிங்டனில் திரண்ட கறுப்பு ஆண்கள் குடும்பத்துக்குப் பொறுப்பேற்பதாக உறுதி எடுத்தார்கள். 2008 தந்தையர் தினத்தில் ஒபாமா சிகாகோ தேவாலயம் ஒன்றில் அதையே பேசினார். வலதுசாரி, கறுப்பு தேசியவாதி, தாராளவாதி எல்லாரும் ஒரே குரலில் பேசுகிற இடம் எதுவோ அங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டாமா?

ஹார்டென்ஸ் ஸ்பில்லர்ஸ் 1987இல் எழுதிய கட்டுரை மொய்னிஹனை இந்த இடத்தில்தான் பிடித்தது. அடிமையாக இருந்த ஆணுக்கு அப்பன் என்ற சட்ட இடமே கிடையாது. 1662இல் வர்ஜீனியா இயற்றிய சட்டப்படி பிள்ளையின் நிலை தாயின் நிலையைத் தொடரும். அவள் அடிமையானால் பிள்ளையும் அடிமை. வெள்ளை முதலாளியே தகப்பனாக இருந்தாலும் அவனுக்குப் பொறுப்பில்லை, லாபம்தான். அப்பனை அழித்த சட்டமே மூன்று நூற்றாண்டு கழித்து ‘எங்கேடா அப்பன்?’ என்று வாரண்டோடு வருகிறது.

சரி, வசூலாகிற காசு யாருக்குப் போகுது? நம்மூர் ஜீவனாம்ச வழக்கில் கிடைப்பது (கிடைத்தால்) பெண்ணுக்கும் பிள்ளைக்கும் சேரும். அமெரிக்காவில் 1975இல் மத்திய அரசின் வசூல் திட்டம் வந்தபோதே, நலநிதி வாங்கும் தாய் தன் பராமரிப்பு உரிமையை மாநிலத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று. அப்பன் கட்டும் டாலர், அரசு அவளுக்குக் கொடுத்ததை ஈடுகட்டப் போகும். மாதம் முதல் 50 டாலரையாவது குடும்பத்துக்கு விட வேண்டும் என்று 1984இல் வந்த விதியையும் 1996இல் கிளிண்டன் கையெழுத்திட்ட நலச் சீர்திருத்தச் சட்டம் எடுத்துவிட்டது. விடுவதும் விடாததும் மாநிலங்களின் இஷ்டம். ஃபிலடெல்ஃபியா, காம்டன் பகுதி ஏழைத் தகப்பன்களைப் பற்றி காத்ரின் எடினும் டிமதி நெல்சனும் 2013இல் எழுதிய புத்தகத்தில் வருகிறவர்கள், கையில் காசு வந்தால் டயப்பரும் ஷூவும் வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பார்க்கப் போகிறார்கள். பொதுவாக இது எதுவும் கணக்கில் ஏறாது. பிள்ளையின் காலில் ஷூ இருக்கும், அரசின் பேரேட்டில் பாக்கி இருக்கும்.

1986இன் பிராட்லி திருத்தப்படி, தவணை தேதி தாண்டிவிட்ட பாக்கியை எந்த நீதிபதியும் பின்னோக்கிக் குறைக்க முடியாது. சிறைக்குப் போனால் கடன் நிற்குமா? பல மாநிலங்கள் சிறைவாசத்தைத் ‘தானே விரும்பி வேலையிழந்தது’ என்றே வகைப்படுத்தி வைத்திருந்தன. 2016 டிசம்பரில்தான் மத்திய விதி அதைத் தடுத்தது. கம்பிக்குப் பின்னால் இருப்பவன் விருப்ப ஓய்வில் இருக்கிறான்! ஒன்பது மாநிலங்களை எடுத்து அர்பன் இன்ஸ்டிட்யூட் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தப் பாக்கியில் 70 சதவீதம் ஆண்டு வருமானம் 10,000 டாலரோ அதற்குக் கீழோ உள்ளவர்கள் பேரில் இருந்தது. வசதி இருந்தும் ஏமாற்றுகிறவன் இருக்கிறான், இல்லையென்று சொல்லவில்லை. வலையில் விழுகிறவன் பெரும்பாலும் அவனல்ல.

2015 ஏப்ரல் 4. அதே தென் கரோலினா, நார்த் சார்ல்ஸ்டன். பிரேக் விளக்கு எரியவில்லை என்று காரை நிறுத்திய போலீஸ்காரர், இறங்கி ஓடிய 50 வயது வால்டர் ஸ்காட்டை முதுகில் சுட்டுக் கொன்றார். பராமரிப்புப் பாக்கிக்கு அவர் பேரில் வாரண்ட் இருந்தது. அதற்குப் பயந்துதான் ஓடியிருப்பார் என்றார்கள் வீட்டார்.

இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. இந்த விவரங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு ‘ஆண் உரிமை’ பேசும் கூட்டம் ஒன்று அங்கும் உண்டு. பெண்கள் சட்டத்தை வைத்து ஆண்களைச் சுரண்டுகிறார்கள் என்பது அவர்கள் கதையாடல். அவர்கள் வசதியாக மறப்பது, எழுதிக்கொடுத்த தாயும் இதில் தோற்றவள் என்பதை. நலநிதிக்கு விண்ணப்பிக்கும்போது அப்பன் பெயரைச் சொல்லி அவனைப் பிடிக்க ஒத்துழைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அடித்தவன் என்றால் விலக்கு உண்டு. ஆனால் அடித்தான் என்று அவள்தான் காட்ட வேண்டும். சொன்னாலும் காசு வராது. அவன் ஜெயிலுக்குப் போனால் அவ்வப்போது வந்த டயப்பரும் நிற்கும். இரவு ஷிஃப்டுக்குப் போகிற அன்றைக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் ஆளிருக்காது. குழந்தைக்கு உணவு வேண்டும் என்கிற அவளது கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயம். அரசு அந்தக் கோரிக்கையை வாங்கி, ஏழை ஆணின் மேல் தனக்கு வரவேண்டிய கடனாக மாற்றி எழுதிக்கொண்டது. ஓடுகாலி அப்பன்களைத் தேடிப் பிடிக்கும் சட்டங்களைப் பற்றி முதலில் படித்தபோது நானும் கைதட்டியவன்தான்.

2005ஆம் ஆண்டுப் பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம், பொறுப்புள்ள தந்தைமைப் பயிற்சிகளுக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் வரை ஒதுக்கியது. வகுப்பு நடத்தினார்கள், கோபத்தை அடக்குவது எப்படி, பிள்ளையோடு பேசுவது எப்படி என்றெல்லாம். கெட்ட காரியம் ஒன்றுமில்லை. அதே சட்டம் பாக்கிக்காகப் பாஸ்போர்ட்டை மறுக்கும் வரம்பை 5,000 டாலரிலிருந்து 2,500 டாலராக இறக்கியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கொலராடோ மாநிலம் 2017இல் வேறொரு காரியம் செய்தது. நலநிதி பெறும் குடும்பத்துக்கு, அப்பன் மாதாமாதம் கட்டும் தொகையை முழுசாகக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தது. அதற்கு எந்த அப்பனுக்கும் மனசாட்சி வகுப்பு தேவைப்படவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியை மாற்ற வேண்டியிருந்தது.