சொல்லும் சுரமும்

இசையைக் கேட்பதும் ஒரு கல்வியே. பாடுவோர்க்குப் பயிற்சி வேண்டும் என்பதை எல்லாரும் ஒப்புவர். கேட்போர்க்கும் பயிற்சி வேண்டும் என்பதை ஒப்புவோர் சிலரே. அண்மையில் ஒரே வாரத்தில் இரண்டு இடங்களில் இசை கேட்டேன். ஒன்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம். மற்றொன்று கிள்ளானில் ஒரு கோயில். முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்த எனக்கு அவ்விரண்டும் சேர்ந்து ஒரு பாடம் கற்பித்தன. அதனை ஆசிரியப் பெருமக்களோடும் மாணவர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிள்ளானில் கொமூட்டர் இரயிலேறிக் கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் கூப்பிடு தொலைவுதான். செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற அவ்விடம் பின்னர் இரயில்வேத் தொழிலாளரின் குடியிருப்பாயிற்று. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் அங்கே உழைப்போடு கோயிலையும் கலையையும் சேர்த்தே வளர்த்தனர். 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தோற்றுவித்த டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அங்கே ஆடலும் பாடலும் பயிற்றிவருகிறது. ஆகவே, அவ்வட்டாரத்தில் கச்சேரி என்றால் கேட்டறிந்த அவையே கூடும்.

அன்று பாடியவர் தமிழகத்திலிருந்து வந்த இளம் பாடகி. குரல் வளமும் சுருதிச் சுத்தமும் ஒருங்கே வாய்த்தவர். வருணத்தில் தொடங்கிப் படிப்படியாக அவையைத் தம் வயப்படுத்தினார். நடுநாயகமாக அமைந்தது காம்போதி. ஏறத்தாழ இருபது நிமிடம் அவ்விராகத்தை விரித்தபோது, மண்டபத்தின் குளிரூட்டியும் ஓசையின்றி இயங்குவதுபோல் தோன்றியது. பின்னர்த் தியாகராசரின் கிருதி ஒன்றை எடுத்தார். தெலுங்குப் பாடலை அவர் பாடியதில் எனக்கு மனக்குறை சிறிதுமில்லை. மாகவிஞர் ஒருவர் தம் தாய்மொழியில் உருகியதை மாற்றார் பொருள் என்று கருதுவது நமக்கு அழகன்று.

குறை அதன்பின் வந்தது. மிருதங்கத் தனியாவர்த்தனம் தொடங்கியதும் அவையில் ஒரு பகுதி எழுந்து சிற்றுண்டிச் சாலைக்குச் சென்றது. எஞ்சிய நேரத்தில், கடைசிக் கால்மணியில், தமிழ்ப் பாடல்கள் வந்தன. விருந்தின் முடிவில் வெற்றிலை வைப்பதுபோல் தமிழ் வைக்கப்பட்டது. அதுவும் போகட்டும். பாடிய முறையே என்னை வருத்தியது. ‘திருவடி’ என்னும் சொல்லைத் ‘திரு’ என்று நிறுத்தி, ஒரு சங்கதி போட்டு, அடுத்த தட்டில் ‘வடி’ என்று எடுத்தால் எதை வடிப்பது என்று கேட்கத் தோன்றாதா? பாடகியார் இத்தகைய முறிவுகளை நான்கைந்து இடங்களில் செய்தார். ழகரமும் ளகரமும் ஒன்றாயின. தாளம் வழுவவில்லை, சுரம் வழுவவில்லை, பொருள் மட்டும் வழுவியது. அவையோ கைதட்டியது.

இக்குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியபோதும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பெற்றபோதும், அறிஞர்கள் போராடியது கச்சேரி மேடையில் தமிழுக்கு உரிய இடம் கேட்டே. தெலுங்குக் கிருதிகள் மேடையை ஆள்வதற்கு முன்பே முத்துத் தாண்டவரும், பின்னர் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும் தமிழில் கீர்த்தனை செய்தனர் என்பதை அன்று அவர்கள் நினைவூட்டினர். அப்போராட்டம் பெருமளவு வென்றது. இன்று தமிழ்ப் பாட்டே இல்லாத கச்சேரி அரிது. ஆனால், இடம் கிடைத்தால் மட்டும் போதுமா? மேடையேறிய சொல் முழுமையாக ஏறியதா என்று எவரும் கேட்பதில்லை. நான் எழுப்ப விரும்பும் வினா இதுவே.

நம் முன்னோர் இதனை எவ்வாறு கருதினர் என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையே சான்று. மாதவியின் அரங்கேற்றத்துக்கு வேண்டிய ஆசிரியர்களை இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். ஆடலாசான், இசையாசிரியன், அடுத்து நன்னூற் புலவன், அதன்பின்னரே தண்ணுமையோன், குழலோன், யாழோன். பாட்டெழுதும் புலவன் இசையாசிரியனுக்கு அருகிலேயே அமர்கிறான். சொல்லின் எல்லையும் பொருளும் அறிந்தவன் அரங்கில் இருந்தே தீரவேண்டும் என்பது அக்காலத்து ஒழுங்கு. இன்றைய மேடையில் வயலினுக்கு இடமுண்டு, கடத்துக்கு இடமுண்டு, புலவனுக்கு மட்டும் இடமில்லை.

வீடு திரும்பியும் மனம் அமைதியுறவில்லை. பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்டேன். எம். எம். தண்டபாணி தேசிகரை முன்பும் கேட்டிருக்கிறேன்; ஆனால், சொல்லைக் கவனித்துக் கேட்டது அதுவே முதன்முறை. ஓதுவார் மரபில் வந்த அவர், ஒரு சீரை நீட்டும்போதும் அதன் உயிரெழுத்திலேயே நீட்டுகிறார். மெய்யெழுத்தில் தங்கி ஓசையைத் தேய்ப்பதில்லை. சீர்காழி கோவிந்தராசனின் பதிவுகளில் றகரம் றகரமாகவும் ழகரம் ழகரமாகவும் மணியடித்தாற்போல் ஒலிக்கின்றன. இவர்களிடம் இராகம் குறைந்ததா? இல்லையே! சொல் நிறைந்ததனால் இராகமும் நிறைந்தது. இஃது எனக்குக் கிடைத்த முதற் கண்டுபிடிப்பு.

இரண்டாவது கண்டுபிடிப்பு அவ்வார வெள்ளிக்கிழமை மாலை கிள்ளானில் வாய்த்தது. கோயிலில் மாலைப் பூசை முடிந்தபின் ஓதுவார் ஒருவர் சம்பந்தர் பதிகம் ஒன்றை ஓதினார். மிருதங்கமும் இல்லை; வயலினும் இல்லை; சுருதிப்பெட்டி ஒன்றே துணை. நான் தூணோரம் நின்று கேட்டேன். இரண்டாம் பாட்டுக்குள் என் உடல் சிலிர்த்தது. பிரிக்பீல்ட்ஸில் இருபது நிமிடம் கேட்ட அதே இசை! ஆனால், இங்கே ஒவ்வொரு சொல்லும் தன் முழு உருவத்தோடு வந்தது. ஓதி முடித்தவரிடம், “ஐயா, இஃது எந்தப் பண்?” என்று கேட்டேன்.

“தக்கேசிங்க ஐயா. இப்ப காம்போதின்னு சொன்னாத்தான் எல்லாருக்கும் விளங்குது” என்றார்.

தக்கேசிப் பண்ணை இன்று காம்போதி இராகத்தில் பாடுவதும், கௌசிகத்தைப் பைரவியிலும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியிலும் பாடுவதும் ஓதுவார் மரபு. இவற்றை நூல்களில் நான் படித்ததுண்டு, தேர்வுக்கும் எழுதியதுண்டு. செவியால் அறிந்ததில்லை. மறைந்துபோன தேவாரப் பண்களைத் திருஎருக்கத்தம்புலியூரில் பாணர் மரபில் வந்த பெண் ஒருவரைக் கொண்டே மீட்டனர் என்பது வழிவழிச் செய்தி. ஏட்டில் சொல் கிடைத்தும், அதன் இசை ஒரு பெண்ணின் நாவில் அன்றோ இருந்தது!

அப்போது என்னருகில் நின்ற இளைஞன் வணங்கினான். முன்பு என்னிடம் பயின்றவன். இப்போது தொழிற்சாலையில் பொறியாளன். “ஐயா, இதே பதிகத்தை வகுப்பில் எங்களுக்கு நடத்தினீங்களே. இதைப் பாடலாம்னு நீங்க சொல்லவே இல்லையே?” என்றான். அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை, வியப்பே இருந்தது. அதனால்தான் அது சுட்டது.

ஆம், நான் சொல்லவில்லை. சீர் பிரித்தேன், தளை காட்டினேன், அருஞ்சொற்பொருள் எழுதச் சொன்னேன், மனனம் செய்யாதவரை நிற்கவைத்தேன். பாடகி சுரத்துக்காகச் சொல்லை முறித்தார் என்று குறைகூறிய நான், சொல்லுக்காகச் சுரத்தை முப்பது ஆண்டுகள் முறித்திருக்கிறேன். அவர் செய்தது ஒரு மாலையில். நான் செய்தது ஒரு தலைமுறைக்கு. நம் பள்ளிகளில் செய்யுளும் மொழியணியும் பாடத்திட்டத்தில் உள்ளன, எஸ்.பி.எம். நிலையில் தமிழ் இலக்கியம் பயில்வோரும் உள்ளனர். அவர்களுக்கு நாம் கொடுப்பது ஓசையில்லாத பாட்டு எனில், நாளை மேடையில் பொருளில்லாத ஓசையைக் கேட்டு அவர்கள் கைதட்டுவதில் வியப்பென்ன? அன்று பிரிக்பீல்ட்ஸில் தட்டிய கைகளுள் என் மாணவர் கைகளும் இருந்திருக்கக்கூடும்.

இதற்குப் பரிகாரம் எளிது. பாடகர் தமிழ்ப் பாட்டை மேடைக்குக் கொண்டுசெல்லுமுன் ஒரு தமிழாசிரியரிடம் படித்துக் காட்டட்டும். எங்கே மூச்சு வாங்கலாம், எங்கே வாங்கலாகாது என்று அவர் சொல்வார். தமிழாசிரியர் செய்யுளை வகுப்புக்குக் கொண்டுசெல்லுமுன் ஓர் ஓதுவாரிடமோ இசையாசிரியரிடமோ பாடக் கேட்கட்டும். இரண்டுக்கும் பெருஞ்செலவில்லை; ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கும் பணிவு ஒன்றே வேண்டும்.

சம்பந்தர் பாடிய பாட்டொன்று திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழில் அடங்கவில்லை; அவர் வருந்தி யாழை முறிக்க ஓங்கினார் என்று சேக்கிழார் கூறுகிறார். பிள்ளையார் அவரைத் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கி, இயன்ற அளவில் இசைக்குமாறு கூறி மீண்டும் அவரிடமே கொடுத்தார். சொல் வென்றது, ஆயினும் யாழ் முறியவில்லை. வகுப்பறையிலும் மேடையிலும் நாம் கைக்கொள்ள வேண்டிய நெறி அதுவே.