விடுபட்ட ஆண்டின் விலை

2025-26 நிதியாண்டில் பிரிட்டிஷ் அரசு 923 பவுண்டுக்கு ஒன்றை விற்றது. வாங்கியவருக்கு ஓய்வூதிய வயதிலிருந்து சாகும்வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 342 பவுண்டு கிடைக்கும். அந்தத் தொகை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டும் போகும். விற்கப்படுவது வேறொன்றுமில்லை, நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்புச் சந்தாக் கணக்கில் விடுபட்டுப்போன ஓர் ஆண்டுதான். 2016 ஏப்ரலில் வந்த புதிய அரசு ஓய்வூதிய முறையில் முழுத் தொகை பெற 35 ஆண்டுச் சந்தா வேண்டும். 10 ஆண்டுக்குக் குறைந்தால் ஒரு பென்னியும் இல்லை. 2025-26 நிதியாண்டில் முழுத் தொகை வாரத்துக்கு 230.25 பவுண்டு. அதில் 35இல் ஒரு பங்கை, வாரம் 17.75 பவுண்டு வீதம் தானாக முன்வந்து கட்டும் ‘கிளாஸ் 3’ சந்தாவால் வாங்கிக்கொள்ளலாம். போட்ட பணம் மூன்று ஆண்டு முடியுமுன் திரும்பிவிடும் என்று கணக்குக் காட்டிப் பலரும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கு முக்கியமான கேள்வி ஒன்றைக் கேட்காமலே விட்டுவிடுகிறது: இந்த ஆண்டை வாங்காவிட்டால் அதே அரசு உங்களுக்கு என்ன தந்திருக்கும்?

முதலில் நிறையைக் குறைத்துச் சொல்லாமல் பார்த்துவிடுவோம். 923 பவுண்டைப் பங்குச் சந்தையில் போட்டால் இன்னும் பெருகாதா என்பது வழக்கமான மறுப்பு. நாற்பது வயதுக்காரர் ஒருவர் அப்படிப் போட்டு, விலைவாசிக்கு மேல் ஆண்டுக்கு 4 விழுக்காடு ஈட்டுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய ஓய்வூதிய வயதான 68 வரையிலான 28 ஆண்டில் அது இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2,770 பவுண்டு ஆகும். ஓய்வூதியம் அதை ஈடுகட்ட மூன்று ஆண்டு போதாது, எட்டு ஆண்டு வேண்டும். ஆக, ஈடாகும் வயது 71 அல்ல, 76ஐ ஒட்டியது. வருமான வரி கட்டும் முதியவருக்கு ஐந்தில் ஒரு பங்கு வரியில் போவதால் அது இன்னும் கொஞ்சம் தள்ளும். இப்படிக் கடுமையாகக் கணக்குப் போட்டாலும், எண்பதைத் தாண்டி வாழ்பவருக்கு அரசின் பேரமே மேல். காரணம், சந்தையில் போட்ட பணம் ஒருநாள் தீர்ந்துபோகும்; இது தீராது. நீண்ட ஆயுளைக் கண்டு அஞ்சவேண்டியிராத வருமானத்தைத் தனியாரிடம் வாங்குவதானால் பல ஆயிரம் பவுண்டு எண்ணிவைக்க வேண்டும்.

‘அரசை நம்பலாமா’ என்பது இதைவிடக் கனமான மறுப்பு. நேஷனல் இன்சூரன்ஸ் என்ற பெயரில் இன்சூரன்ஸ் இருந்தாலும், உங்கள் பெயரில் உண்டியல் எதுவும் இல்லை. இன்று உழைப்பவர் கட்டுவது இன்றைய முதியவருக்குப் போகிறது. நாளை என்ன தருவது என்பதை நாளைய நாடாளுமன்றம் தீர்மானிக்கும். 1950களில் பிறந்த பெண்களின் ஓய்வூதிய வயது 60இலிருந்து படிப்படியாக 66க்குப் போனது. இப்போது எல்லோருக்கும் 67ஐயும் அதன்பின் 68ஐயும் நோக்கி நகர்கிறது. வெளிநாட்டில் வாழும் ஏறத்தாழ நாலரை லட்சம் பேரின் கதை அதைவிடத் தெளிவானது. இந்தியா, இலங்கை, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் குடியிருப்போருக்கு ஓய்வூதியம் தொடங்கிய தொகையிலேயே உறைந்துவிடும். 2005இல், பழைய முறையின் முழு அடிப்படை ஓய்வூதியமான 82.05 பவுண்டோடு யாழ்ப்பாணம் திரும்பியவர் இன்றும் அதே 82.05 பவுண்டைத்தான் பெறுகிறார். அன்று அவரோடு ஓய்வுபெற்று லண்டனிலேயே தங்கியவருக்கு 2025இல் கிடைப்பது 176.45. இருவர் கட்டிய சந்தாவும் ஒன்றே. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த ஆனெட் கார்சன் இதை எதிர்த்து வழக்காடினார். 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு அவர் தரப்பை ஏற்கவில்லை. சந்தாவுக்கும் ஓய்வூதியத்துக்கும் இடையே நேர்க் கொடுக்கல் வாங்கல் கிடையாது என்பது அந்தத் தீர்ப்பின் அடித்தளங்களில் ஒன்று. ஆகவே ஓர் ஆண்டை வாங்குபவர் வாங்குவது சொத்து அல்ல, வாக்கு. இருந்தும் இந்த மறுப்பு ‘வாங்காதே’ என்ற முடிவுக்குக் கொண்டுபோய் விடுவதில்லை. விலை அவ்வளவு மலிவு. அரசு தன் வாக்கில் பாதியை மீறினாலும் மீதிப் பாதி முதலைத் திருப்பித் தந்துவிடும்.

இந்த மலிவு கைவிடும் இடம் வேறு. பிரிட்டனில் ‘பென்ஷன் கிரெடிட்’ என்று ஓர் உதவித்தொகை உண்டு. வருமானம் குறைந்த முதியவர் தனியாள் என்றால், 2025-26இல் வாரம் 227.10 பவுண்டு வரும்வரை அரசு நிரப்பிவிடும். முழு ஓய்வூதியத்துக்கும் இதற்கும் இடைவெளி மூன்று பவுண்டு சொச்சம்தான். இருபது ஆண்டுச் சந்தா மட்டும் உள்ள ஒருவருக்கு வாரம் 131.57 பவுண்டு வரும். வேறு வருமானமோ பெரிய சேமிப்போ இல்லையென்றால் மிச்சத்தைப் பென்ஷன் கிரெடிட் நிரப்பும். அவர் கடன்பட்டாவது 4,615 பவுண்டு கட்டி ஐந்து ஆண்டுகளை வாங்கினால் ஓய்வூதியம் வாரம் ஏறத்தாழ 33 பவுண்டு கூடும். பென்ஷன் கிரெடிட் அதே அளவு குறையும். கைக்கு வருவது முன்புபோலவே 227.10. மூன்று ஆண்டில் முதல் திரும்பும் என்ற கணக்கு, சேமிப்பே இல்லாத இந்த மனிதரிடம் வந்ததும் பொய்த்துவிடுகிறது. உதவித்தொகைக்குக் கையேந்தாமல் உரிமையாகப் பெறுவதில் ஒரு மானம் உண்டு என்பார்கள். உண்டுதான், தகுதியுள்ளோரில் மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்கு விண்ணப்பிக்காமலே இருப்பதற்கு அந்தக் கூச்சமும் ஒரு காரணம். ஆனால் அந்த மானத்துக்கு விலை 4,615 பவுண்டு என்பதையும் சொல்லித்தான் விற்கவேண்டும்.

ஊர் திரும்ப எண்ணுபவர் விஷயத்தில் இதே வாதம் தலைகீழாகிறது. பென்ஷன் கிரெடிட் நாட்டைவிட்டு வெளியேறி நான்கு வாரம் தாண்டினால் பொதுவாக நின்றுபோகும். ஓய்வூதியமோ விமானமேறிக் கூடவே வரும், உறைந்துபோனதாக இருந்தாலும். 1983க்குப் பின் லண்டன் போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர் பலர் முப்பது, நாற்பது வயதில்தான் முதல் சந்தாவைக் கட்டினார்கள். அகதிக் கோரிக்கை முடிவாகும்வரை வேலை செய்ய அனுமதியின்றிக் கழித்த காலமும் சிலருக்கு உண்டு. கடைசிக் காலத்தை ஊரில் கழிக்க விரும்பும் ஒருவர், உறைந்த ஓய்வூதியம் நஷ்டம் என்று சந்தாவைத் தவிர்ப்பது இயல்பாகத் தோன்றும். ஆனால் அவருக்கு மாற்றாக நிற்பது ஏறும் ஓய்வூதியம் அல்ல, வெறுங்கை. ஆண்டுக்கு 3 விழுக்காடு விலை ஏறினால் உறைந்த தொகை இருபது ஆண்டில் பாதிக்குச் சற்று மேல் மதிப்புக்குத் தேயும். தேய்ந்தாலும் அது பவுண்டில் வருகிறது. 2022இல் இலங்கை ரூபாய் சரிந்தபோது, பவுண்டில் வருமானம் இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இருந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. விந்தை என்னவென்றால், லண்டனிலேயே தங்கும் ஏழைக்கு வீணான அதே ஆண்டு, யாழ்ப்பாணம் திரும்பும் ஏழைக்குப் பயன் தருகிறது. அறிவுரை சொல்பவர் முதலில் கேட்கவேண்டியது வயதை அல்ல, எங்கே முதுமையைக் கழிக்கப் போகிறீர்கள் என்பதைத்தான்.

இவ்வளவு மலிவாக விற்றால் மிச்ச விலையை யாரோ கட்டுகிறார்கள் என்று பொருள். கட்டுவது இன்றைய தொழிலாளியின் சம்பளம். பெறுவது, கையில் ஆயிரம் பவுண்டு சும்மா வைத்திருந்து விதிகளையும் படித்தவர். 2006 முதல் 2016 வரை விடுபட்ட ஆண்டுகளை வாங்கும் சிறப்பு வாய்ப்பு 2025 ஏப்ரல் 5 வரை நீட்டிக்கப்பட்டது. வழக்கமான ஆறாண்டு எல்லை அதன்பின் திரும்பிவிட்டது. பத்து ஆண்டையும் ஒருசேர வாங்க முடிந்தவர் எவராக இருந்திருப்பார் என்று ஊகிப்பது கடினமல்ல. வெளிநாட்டில் இருந்துகொண்டு வாரம் 3.50 பவுண்டுக்குக் ‘கிளாஸ் 2’ கட்டும் வழியைப் பிரிட்டன் 2026 ஏப்ரலிலிருந்து மூட முடிவெடுத்தது. அதன்பின் கிளாஸ் 3தான், அதற்கும் முன்பே பத்து ஆண்டு அங்கே வாழ்ந்தோ சந்தா கட்டியோ இருக்கவேண்டும். மூன்று ஆண்டு லண்டனில் வேலை பார்த்துவிட்டுச் சென்னை திரும்பி, மிச்ச ஆண்டுகளை அரைக்காசு விலையில் வாங்கிப் பத்தை எட்டிய மென்பொருள் பொறியாளர்களுக்கு இது கசக்கும். ஆனால் நியாயம் அரசின் பக்கம்தான் என்று தோன்றுகிறது. அந்தச் சலுகை யாருடைய வறுமையையும் போக்கவில்லை.

உள்நாட்டில் அதே நியாயத்தை அரசு காட்டவில்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், சைல்ட் பெனிஃபிட் என்ற பிள்ளை உதவித்தொகை யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு அந்த ஆண்டு இலவசமாக வரவாகிறது. கணவன் பெயரில் விண்ணப்பித்துவிட்டுப் பிள்ளையோடு வீட்டிலிருந்த மனைவிக்கு அது விழுவதில்லை. மாற்றித் தரும்படி கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாமல், இலவசமாகக் கிடைத்திருக்கவேண்டியதைக் காசுக்கு வாங்குகிறார்கள். அலுவலகத் திட்டத்தில் சேர்ந்து 2016க்கு முன் குறைந்த சந்தா கட்டியவருக்கோ, பழைய ஆண்டுகளை வாங்கினால் ஒன்றும் கூடாமல் போகலாம். அரசின் ஓய்வூதிய முன்மதிப்பீட்டைப் பார்க்காமல் ஒரு பவுண்டும் கட்டக்கூடாது. எல்லாவற்றிலும் கோணலானது இது. ஒரு பெண் இரண்டு அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்கிறார். ஒவ்வொன்றிலும் வாரம் 110 பவுண்டு. 2025-26 விதிப்படி ஒரே வேலையில் வாரம் 125 பவுண்டு கிடைத்தால்தான் ஆண்டு கணக்கில் ஏறும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகையும் பெறாதவராக இருந்தால், 52 வாரமும் உழைத்த அந்த ஆண்டு அவர் பெயரில் வெற்றிடம். சொந்தக் கடையில் குறைந்த லாபம் காட்டியவர் அதே ஆண்டைக் கிளாஸ் 2 வழியே 182 பவுண்டுக்கு வாங்கலாம். இந்தப் பெண்ணுக்கு விலை 923 பவுண்டு, நான்கு வாரச் சம்பளத்துக்கும் மேல்.