வானொலியும் வாசற்காவலும்

நம் பங்குக் கோயிலின் பாடகர் மேடையில் பழைய ஆர்மோனியம் ஒன்று உண்டு. துருத்தி கிழிந்து ஒட்டுப்போட்டது. எனினும் திருவிழா நாள்களில் இன்றும் அதற்கே முதலிடம். பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் டெபேன் 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த அக்கருவி, கடல் கடந்து வந்து நம் பசனைக்கும் நாடகத்துக்கும் ஆலயத்துக்கும் சொந்தமாகிவிட்டது. பிரெஞ்சு வாடை மாறாத புதுவையில் அதனை அந்நியம் என்பார் இல்லை.

அகில இந்திய வானொலியோ அவ்வாறு கருதவில்லை. 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது; 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. கட்டைகளுக்கிடையே நழுவிச் செல்லும் கமகத்தை அக்கருவி தராது என்பது சொல்லப்பட்ட காரணம். காரணம் பொய்யன்று, தோடியின் காந்தாரத்தை அதில் தேடிப் பார்த்தவர் அறிவர். ஆனால் குறையைச் சுட்டுவது திறனாய்வு. வாசலிலேயே நிறுத்திவிடுவது வேறு செயல்.

1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், அதே வாசலில் திரைப்பாடலையும் நிறுத்தினார். செவ்விசைக்கு அவர் செய்தது சிறிதன்று. தேசிய இசை நிகழ்ச்சி அவ்வாண்டில்தான் தொடங்கிற்று. அரசவைகள் மறைந்தபின் வித்துவான்கள் பலருக்கு ஊதியமும் மேடையும் தந்தது வானொலியே. சபாவுக்குச் சீட்டு வாங்க இயலாத ஏழையும் தெருமுனைப் பெட்டியில் பெரும் வித்துவான்களைக் கேட்க முடிந்தது. இந்த நன்றியை மறப்பதற்கில்லை. ஆனால் விலக்கப்பட்ட பாடல்கள் மடிந்துவிட்டனவா? கடலுக்கு அப்பால் இலங்கை வானொலியில் குடியேறின. கேட்போரும் உடன் சென்றனர். புதுவை அப்போது இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆயினும் வானலைக்குச் சுங்கச்சாவடி ஏது? 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதியைத் தொடங்கி, தில்லி மெல்ல இறங்கி வந்தது.

கேஸ்கர்மீது கல்லெறிய நமக்கு உரிமை குறைவே. 1903இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஆலயத்தில் நாடகமேடைப் பாணியைக் கண்டித்து, பியானோவையும் முரசு முதலிய கருவிகளையும் விலக்கினார். மக்களின் மரபிசைக்கு உரிய மதிப்பளிக்குமாறு வத்திக்கான் சங்கம் சொல்ல 1963 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வாசல் திறந்தபின்னும் உள்ளே தடுப்புச் சுவர் நின்றது. காலையில் செவ்விசை, பின்னர் திரையிசை. இரண்டும் முகம் பார்த்துக்கொள்வதில்லை. 1985இல் 'சிந்து பைரவி' வந்தது. காம்போதியில் பாடப்பட்டுவந்த தியாகராசரின் 'மரி மரி நின்னே' கீர்த்தனையை இளையராஜா சாரமதியில் அமைத்து, நாட்டுப்புற மெட்டோடு இணைத்தார். முகம் சுளித்தோரும் உண்டு. நாமோ சிறுவயதில் அதனால்தான் சாரமதி என்ற பெயரையே அறிந்தோம். அதனை வானொலியின் திரைப்பாடல் நேரத்தில் கேட்டோமேயன்றி, செவ்விசை நேரத்தில் ஒருபோதும் கேட்டதில்லை. மறு ஆண்டு வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்', தியாகராசருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்ட இசைத்தொகுப்பு. எப்பெயரிட்டு அழைப்பது என்று தலைப்பிலேயே கேட்கும் அப்படைப்பை எந்த நேரப் பட்டியலில் அடக்குவது?

நம் மெய்யான குறை இன்னொன்று. கச்சேரியை ஒலிபரப்பும்போது வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று வானொலி தவறாது சொல்லும். அது அழகிய நாகரிகம். திரைப்பாடலுக்கோ படம், கவிஞர், இசையமைப்பாளர், பாடியவர், அத்தோடு சரி. நம் இளமையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிச்சித்திரம் கேட்போம். கண்ணுக்கு வேலையில்லாத அந்நேரத்தில்தான் பின்னணி இசை என்பது என்னவென்று புரிந்தது. உரையாடல் ஓய்ந்ததும் தாயின் அழுகையை ஒற்றை வயலினோ புல்லாங்குழலோ ஏற்று நடத்தும். வீடே அசையாது கேட்கும். வாசித்த கை எவருடையது என்று இறுதிவரை சொல்லப்படுவதில்லை.

வாரத்துக்கு ஒரு பாடலுக்கேனும் அப்பெயர்களைத் தேடிப் பெற்றுப் புதுவை நிலையம் வாசிக்கலாம். அரை நிமிடம் போதும். அக்கலைஞர்களில் முதியோர் சிலர் இன்றும் வானொலி கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.